மேற்குச் சுவருக்கு ஒரு ஜன்னல், கிழக்குச் சுவருக்கு வேறு ஜன்னல்

சென்னையில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கெல்லாம் இப்போது ஜன்னல் மாற்றும் பருவம் வந்திருக்கிறது. மழை வந்தால் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் மரக்கதவு, அடிப்பக்கம் கரையான் தின்ற நிலை, தொட்டால் உதிரும் இசட் செக்‌ஷன் இரும்பு ஜன்னல், கொண்டி போய்க் கயிறு கட்டி நிறுத்திய கதவு. ஒரு நாள் பொறுமை போய்க் கடைக்காரரை வரச் சொல்கிறோம். அவர் டேப் பிடித்து வீட்டைச் சுற்றி எல்லா ஜன்னலையும் அளக்கிறார், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்கிறார். அப்புறம் இரண்டே கேள்வி: "யூபிவிசியா, அலுமினியமா சார்? வெள்ளையா, மரக் கலரா?" யூபிவிசி என்பது ஒரு வகை விறைப்பான பிளாஸ்டிக். எட்டு ஜன்னலுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அங்கேதான் தவறு தொடங்குகிறது. வெயில், மழை, உப்புக் காற்று மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஒரு வீட்டின் நான்கு சுவர்களும் நான்கு வேறு ஊர்களில் இருப்பது போலத்தான். மேற்குச் சுவரில் நன்றாக உழைக்கும் ஜன்னல் கிழக்கில் உழைக்காமல் போகலாம். ஆகவே பொருளையும் நிறத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சூரியனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் முழுக்க, கத்திரி வெயிலும் சேர்த்து, நண்பகலில் அது தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மூன்றாவது வாரத்தில் மறையும்போது நேர் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. "வடக்குப் பக்கம் வெயிலே வராது" என்று நம் ஊரில் சொல்வது பாதி வருடத்துக்குத்தான் பொருந்தும். தெற்குச் சுவரில் வெயில் விழுவது பெரும்பாலும் மார்கழியை ஒட்டிய மாதங்களில். அப்போதும் நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கும். இரண்டடி அகல சன்ஷேடு ஒன்று இருந்தால் அதற்குக் கீழே இரண்டே முக்கால் அடி வரை நிழல் கிடைத்துவிடும். அதே சன்ஷேடு மே மாதம் மாலை நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலில் எவ்வளவு நிழல் தரும் தெரியுமா? ஓரடி. மீதியெல்லாம் நேராகக் கண்ணாடியிலும் சட்டத்திலும் விழும்.

கிழக்கின் கதை வேறு. வெயில் காலை நேரத்து வெயில், பெரிய தொல்லை இல்லை. ஆனால் கடல் அந்தப் பக்கம். மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பதும் அதே சுவரில். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஜன்னல் என்பது கண்ணாடி வைத்த பொம்மை இல்லை என்று புரிந்திருக்கும்.

சரி, மேற்கிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நிறம் அங்கேதான் உண்மையில் வேலை செய்கிறது.

யூபிவிசியில் இருக்கும் அந்த 'யூ', மென்மையாக்கும் ரசாயனம் சேர்க்காத பிவிசி என்பதைக் குறிக்கும். தோட்டத்து ஹோஸ் குழாய் வளைவதற்குக் காரணமான அந்தச் சேர்மானம் இதில் இல்லை, அதனால் விறைப்பாக நிற்கிறது. ஆனாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். சூடு ஏறினால் நீளும். ஒரு மீட்டர் நீளம், ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். கேட்க அற்பமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரக் கதவு, விடியற்காலை 25 டிகிரி. அடர் பழுப்பு நிறமாக இருந்தால் மேற்கு வெயிலில் அதன் மேற்பரப்பு 65 டிகிரி வரை போவது பெரிய அதிசயமில்லை. 40 டிகிரி வித்தியாசம், நீளம் 4 மி.மீட்டருக்கு மேல் கூடிவிடும். வெள்ளையாக இருந்தால் சூடு அதில் ஏறத்தாழ பாதிதான் ஏறும், நீட்சியும் சுமார் 2 மி.மீட்டரில் அடங்கிவிடும். கதவுக்கும் நிலைக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியே சில மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்கை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் மேற்குப் படுக்கையறைக்கு மர நிற ஃபாயில் ஒட்டிய யூபிவிசி ஜன்னல் போட்டோம், பார்க்க அசல் தேக்கு மாதிரியே இருந்தது. முதல் கோடையில் மாலை நாலு மணிக்கு மேல் கதவு இறுகிக்கொள்ளும், கொண்டி தன் குழிக்குள் போகாது. பொருத்தியவரைக் கூப்பிட்டால் காலை பத்து மணிக்கு வருவார், கதவு வெண்ணெய் போல் மூடும், "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை அவரைச் சாயங்காலம் வரச் சொன்னேன்.

அடர் நிறமே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அடர் நிறம் வேண்டுமானால் உள்ளே செருகும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் தடிமனாக இருக்க வேண்டும், கதவின் அகலத்தைக் குறைக்க வேண்டும், இடைவெளியைக் கூட்ட வேண்டும். சூட்டைத் திருப்பி அனுப்பும் நிறமி சேர்த்த ஃபாயில்களும் கிடைக்கின்றன, அதையே கேட்டு வாங்க வேண்டும். பிவிசி இளகத் தொடங்கும் சூடு 75, 80 டிகிரி. மேற்குச் சுவரில் கறுப்பு யூபிவிசி போடுபவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்று விளையாடுகிறார்.

வெள்ளை யூபிவிசி வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அதில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு வெறும் நிறத்துக்காகச் சேர்ப்பது இல்லை. புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுகிறது. அது குறைவாக இருந்தால் இரண்டு மூன்று கோடையில் மஞ்சள் பாயும், விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல் ஒட்டும். ஐரோப்பியத் தரவிதியான இஎன் 12608, நாடுகளையே மிதமான வெயில் நாடு, கடும் வெயில் நாடு என்று 'எம்', 'எஸ்' என இரண்டாகப் பிரித்து, எஸ் வகைக்கு ஒன்றரை மடங்கு அதிகக் கதிர்வீச்சில் சோதிக்கச் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி "ஜெர்மன் புரொஃபைல் சார்" என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று திருப்பிக் கேளுங்கள். ஜெர்மனியின் வெயிலுக்குச் செய்தது நமக்கு எதற்கு? பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமல் இருக்க ஈயம் சேர்த்ததா, கால்சியம் துத்தநாகம் சேர்த்ததா என்றும் கேட்டுவிடலாம். பிவிசி தண்ணீர்க் குழாய்களில் ஈயத்தை ஒழிக்க 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது, ஆனால் அந்த விதி குழாய்களுக்கு மட்டும்தான்.

இப்போது கிழக்குப் பக்கம். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற இடங்களில் யூபிவிசிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு: உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் கீல், திருகு, கொண்டி, உருளை எல்லாம் உலோகம்தானே. சாதாரணத் திருகு போட்டிருந்தால் இரண்டாவது மழைக்குள் வெள்ளைச் சட்டத்தில் துருக் கண்ணீர் வழியும். துருப்பிடிக்காத எஃகில் 304 என்றும் 316 என்றும் இரண்டு வகை பரவலாக உண்டு. 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்குவதில் அது மேல். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் இந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதன் மேல் தானாக உருவாகும் ஆக்ஸைடு படலம்தான் அதைக் காக்கிறது, உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே துளைக்கிறது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சின்னச் சின்னக் குழி விழும். இதைத் தடுக்க இரண்டு வழி: மின்சாரம் பாய்ச்சி அந்த ஆக்ஸைடு படலத்தையே தடிமனாக்கும் அனோடைசிங், வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங். அனோடைசிங் என்றால் கடலோரத்துக்கு 25 மைக்ரான் தடிமன் கேட்க வேண்டும். பளபளவென்று இருக்கும் மலிவு அனோடைஸ்டு சட்டங்களில் அதில் பாதி கூட இருப்பதில்லை. பவுடர் கோட்டிங் என்றால் தடிமன் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, பவுடர் பாலியஸ்டராக இருக்க வேண்டும். எப்பாக்சி பவுடர் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குச் சரி, வெயிலில் வைத்தால் வெளிறிச் சுண்ணாம்பாகிவிடும். அமெரிக்கத் தரவிதிகளில் ஏஏஎம்ஏ 2603, 2604, 2605 என்று மூன்று படி உண்டு. பூச்சு பூசிய தகட்டைத் தெற்கு புளோரிடா வெயிலில் முறையே 1, 5, 10 வருடம் வைத்துப் பார்ப்பது அதன் சோதனை. புளோரிடாவின் வெக்கை நம் ஊர் வெக்கைக்குச் சொந்தக்காரன் என்பதால் இந்த எண்களுக்கு நமக்கும் அர்த்தம் உண்டு.

இதில் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். உப்பு அரிப்பு அதிகம் வருவது மழை அடிக்கும் இடத்தில் இல்லை, மழை படாத இடத்தில். சன்ஷேடுக்கு நேர் கீழே, சட்டத்தின் மேல்பக்கத்தில், உப்பு படிந்து படிந்து நிற்கும், கழுவிவிட மழை வராது. மாதம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துணியும் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம்!

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனைப் பேச்சு அதிகம் குழப்புவது இங்கேதான். "அலுமினியம் சூட்டைக் கடத்தும், யூபிவிசி கடத்தாது" என்பார்கள். உண்மைதான், ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் ஜன்னலின் பெரும்பரப்பு கண்ணாடி. வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 24 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், ஒற்றைக் கண்ணாடி வழியாக வெறும் வெப்பக் கடத்தலால் உள்ளே வருவது சதுர மீட்டருக்கு 80 வாட் அளவில்தான் இருக்கும். மாலை வெயில் நேரே விழும்போது அதே சதுர மீட்டர் வழியாக வருவது 500 வாட் அளவுக்கு. குளிர் நாட்டுக்காரர்களுக்கு முதல் எண்தான் கவலை, அதனால் அவர்கள் இரட்டைக் கண்ணாடி, சூடு கடத்தாத சட்டம் என்று போகிறார்கள். நமக்கு இரண்டாவது எண். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ, ஆழமான சன்ஷேடோ, ஒரு மரமோ செய்யும் வேலையை எந்தச் சட்டமும் செய்யாது. சாலை இரைச்சலுக்காக இரட்டைக் கண்ணாடி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் முதலில் இடுக்குகளை அடைக்கும் ரப்பரைக் கவனிப்பது நல்லது. சத்தம் காற்றோடு சேர்ந்துதான் உள்ளே வருகிறது.

காற்று என்றதும் நிற்க வேண்டும். ஜன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, அதற்கு முன் தமிழில் காலதர் என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும்போது நாம் பெரும்பாலும் இழப்பது இந்த வழியைத்தான், யாரும் அதைச் சொல்வதில்லை.

சுவரில் நாலடிக்கு நாலடி திறப்பு. பழைய மர நிலை இரு பக்கமும் மூன்று அங்குலம் எடுத்துக்கொண்டது, மீதி 42 அங்குலம். இரண்டு கதவையும் விரியத் திறந்தால் 12 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் காற்றுக்கு வழி. இப்போது "நிலையை உடைக்க வேண்டாம் சார், சுவர் கெட்டுப்போகும், உள்ளேயே வைத்துவிடலாம்" என்கிறார் கடைக்காரர். உள்ளே வைத்தால் புதுச் சட்டம் இரு பக்கமும் இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளும். அது ஸ்லைடிங் ஜன்னலாகவும் இருந்தால் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் திறக்கும். கையில் நிற்பது நாலரை சதுர அடி. மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். அதிலும் கொசு வலை போட்டால் காற்று இன்னும் குறையும்.

வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு, 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சென்னை போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் வெளியே திறக்கும் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு 20 சதுர அடி. மேலே சொன்னது போல இரண்டு பழைய ஜன்னல்கள் இருந்தால் 24 சதுர அடி வந்துவிடும். ஸ்லைடிங் வைத்த பிறகு 9. பழைய நிலையை எடுத்துவிட்டு, கதவு போல் திறக்கும் ஜன்னல், கடைமொழியில் 'ஓபனபிள்', வைத்தால் ஒவ்வொன்றும் 13 சதுர அடி கிடைக்கும். சுவர் பூச்சு வேலை இரண்டு நாள் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் ஓபனபிளுக்கு கிரில் எங்கே என்று முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். கதவு வெளிப்புறம் திறந்தால் கிரில் நடுவில், கொசு வலை உள்ளே. கிரிலுக்குள் கை விட்டுக் கொண்டியை எட்ட முடிகிறதா என்று பாருங்கள், மழை வரும்போது தெரிந்துகொள்வதில் பயனில்லை. பால்கனியை ஒட்டிய இடத்திலும், கதவு திறந்தால் நடைபாதையில் போகிறவர் தலையில் இடிக்கும் இடத்திலும் ஸ்லைடிங்தான் சரி. அங்கே வாதமே இல்லை.

மரத்தை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சூட்டுக்கு மரம் நீளாது என்றே சொல்லிவிடலாம், ஈரத்துக்குத்தான் அகலத்தில் உப்பும். கார்த்திகை மாதத்தில் கதவு இறுகுகிறதே என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வோம். சித்திரையில் அந்தக் கதவுக்கும் நிலைக்கும் இடையே பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். இழைப்பதென்றால் கோடையில், கொஞ்சமாக.

புது மரம் வாங்குவது இன்று கஷ்டம். வைரம் பாய்ந்த பகுதியில்தான் தேக்கின் எண்ணெயும் கரையானை விரட்டும் பொருள்களும் இருக்கின்றன. சின்ன வயதில் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெள்ளைப் பகுதிதான் அதிகம், அதைக் கரையான் வேறு எந்த மரத்தையும் போலவே தின்னும். பர்மா தேக்கு என்று கடையில் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத் தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் நல்ல விலைக்குப் போவது சும்மா இல்லை. உங்கள் பழைய நிலையில் அடிக்கட்டை மட்டும் உளுத்திருந்தால் அதை மட்டும் வெட்டிப் புதுத்துண்டு இணைப்பதுதான் என் வோட்டு. இன்று கடையில் வாங்கக் கூடியதைவிட நல்ல மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக்கை வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். கிழக்கு மழையும் மேற்கு வெயிலும் நேரே படாத சுவருக்கு மரம்போல ஒன்று கிடையாது. வெளியே பளபளக்கும் வார்னிஷ் மட்டும் வேண்டாம், வெயிலில் உரிந்து தொங்கும். எண்ணெய் வகைப் பூச்சு என்றால் மங்கும்போது மேலேயே திரும்பத் தடவிக்கொள்ளலாம்.

நிறத்துக்கு மறுபடி வருகிறேன். இப்போது எல்லோரும் கேட்பது கறுப்பும் அடர்சாம்பலும். படங்களில் பார்க்கும் அந்தச் சாம்பலுக்கு ஐரோப்பிய நிற அட்டையில் ஆர்ஏஎல் 7016 என்று எண், ஆந்த்ரசைட் கிரே. மேகம் மூடிய வானத்துக்கும் வெளிர் கல் சுவருக்கும் அழகாகத்தான் இருக்கும். நம் வானம் கண் கூசும் வெள்ளை. பளீரென்ற வெளிச்சத்தை ஒட்டிக் கன்னங்கரேலென்ற சட்டம் இருந்தால், கண்ணுக்கு வெளிச்சம் இன்னும் உறுத்தும். உட்புறம் வெளிர் நிறமாக இருந்தால் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து அறைக்குள் வரும். வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் என்று இரட்டை நிறச் சட்டங்கள் கிடைக்கின்றன. அடுக்ககத்தில் வெளிநிறத்தைச் சங்கம் முடிவு செய்துவிடும் என்பதால் அங்கே இது ரொம்பப் பயன்.

அழுக்கைப் பொறுத்தவரை வெள்ளையும் கறுப்பும் ஒரே கட்சி. வெள்ளையில் வண்டிப் புகை தெரியும், கறுப்பில் புழுதியும் உப்பும் தெரியும். சந்தன நிறம், வெளிர் சாம்பல் இரண்டும்தான் ஒரு மாதம் துடைக்காவிட்டாலும் காட்டிக்கொடுக்காதவை. வெள்ளை யூபிவிசியைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். பெயிண்ட் கறையைப் போக்குகிறேன் என்று தின்னரைத் தொட்டால் மேற்பரப்பின் பளபளப்பு அத்தோடு சரி.

எங்கள் வீட்டில் கடைசியில் வந்து நின்றது இப்படி: மேற்கில் வெளிர் நிற அலுமினியம், வெளியே தட்டி. கிழக்கில் வெள்ளை யூபிவிசி ஓபனபிள், 316 திருகு. வடக்கில் பழைய தேக்கையே பழுது பார்த்தோம். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே சமயத்தில் எல்லாச் சுவரும் தெரிவதில்லை என்பதால், "என்ன, ஒண்ணுக்கொண்ணு சேரலையே" என்று இதுவரை ஒரே ஒரு மாமிதான் கேட்டார்.

பொருத்தும் நாளன்று நீங்கள் வீட்டில் இருங்கள். ஸ்லைடிங் டிராக்கின் வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் வடிய நீளவாக்கில் சின்ன ஓட்டைகள் இருக்கும். சுவரைப் பூசும்போது அதன் மேல் சிமெண்ட் அப்பிவிடுவார்கள், அல்லது சுத்தமாக இருக்கட்டும் என்று சிலிகானால் அடைத்துவிடுவார்கள். ஆட்கள் கணக்கு முடித்துக் கிளம்புவதற்கு முன்னால், ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றிவிட்டு வெளியே போய்ப் பாருங்கள், வடிகிறதா என்று.